பழவேற்காட்டின் மணலும் பொறியாளரின் பொறுப்பும்

பழவேற்காட்டு முகத்துவாரம் தூர்ந்துபோனால் முதல் அடி படகுக்காரர் மேல் விழும். ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளுக்கு அந்த ஒரு வாய்தான் வழி. மணல்திட்டில் அடிப்பாகம் தட்டி, பக்கவாட்டில் அலை வாங்கிப் படகு கவிழ்ந்த கதை இங்கே எல்லா ஊரிலும் உண்டு. உயிர் போன வீடுகளும் உண்டு. அடுத்த அடி ஏரிக்கு. கடல்நீர் ஏறி இறங்குவது நின்றுவிட்டால் கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி உப்பு ஏறிக்கொண்டே போகும். கடலில் பிறந்து ஏரிக்குள் வந்து வளரவேண்டிய இறால் குஞ்சுகளுக்கு வாசல் அடைபட்டுவிடும். மடவையும் கொடுவாவும் குறையும். பறியைக் கட்டிக்கொண்டு சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அன்றன்றைய கூலியே போய்விடும்.

அப்படி அடைபடும்போதெல்லாம் ஊர்கள் செய்துவந்தது ஒன்றுதான். ஊர்ப் பஞ்சாயத்து கூடும், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டுவார்கள், பொக்லைன் வரும், மணலை வெட்டி வழி திறப்பார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்துக் கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து கொட்டும். இப்படியே பல ஆண்டுகள் ஓடின. நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று மீனவர்கள் நெடுங்காலம் மனு கொடுத்த பிறகு, 26.85 கோடி ரூபாயில் முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல்லால் அலைத்தடுப்புச் சுவர் எழுப்பி, நடுவே ஆழப்படுத்தும் திட்டத்தைத் தமிழக மீன்வளத் துறை எடுத்தது. இந்த இடம் பறவைகள் சரணாலயத்துக்குள் வருவதால் வனத்துறை கேள்வி எழுப்பியது. கோப்பு தேசிய வனவிலங்கு வாரியம் வரை போய் அனுமதி பெற்றுத் திரும்பியது.

இந்தச் சிறிய திட்டத்தை அட்டைப்படக் கட்டுரையாக்கக் காரணம் இருக்கிறது. 'நீடித்த கட்டுமானம்' என்பது இன்று பொறியியல் ஆலோசனை நிறுவனங்களின் வேகமாக வளரும் தொழில். கரிமக் கணக்கு, பசுமைச் சான்று, பருவநிலைத் தாங்குதிறன் என்று அவர்களின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. அந்தப் பட்டியலில் எது முதலில் வரவேண்டும் என்பதைக் குளிர்சாதன அரங்குகளில் வைத்து முடிவு செய்வதைவிட, பழவேற்காட்டில் வைத்து முடிவு செய்வது நல்லது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. ஒரு கட்டுமானம் நீடிக்குமா, தன்னைச் சுற்றியிருப்பவர்களை நீடிக்க விடுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இங்கே ஒரே இடத்தில் பதில் கிடைக்கும்.

மணல் போகும் திசை

சென்னைக்கு வடக்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்கு ஓரம்தான் தமிழகத்தில். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். நீர் ஏறும்போது சுமார் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும், இறங்கும்போது 250 வரை சுருங்கும். சராசரி ஆழமோ ஒரு மீட்டர்தான். ஆரணி ஆறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவர, தூப்பிலிப்பாளையம், ராயதொருவு, பழவேற்காடு என்ற மூன்று வாய்களின் வழியே கடல் உள்ளே வருகிறது. மூன்றில் தெற்கே இருப்பது நம்முடைய வாய்.

வங்கக் கடலின் இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, கரையோரமாக மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் அது திரும்பித் தெற்கே வரும். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி நகர்கிறது. சென்னைக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை வன்னி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதைத் தெண்டி என்றும் பிரித்துச் சொல்வார்கள். எந்த மாதம் எது ஓடும், எது ஓடினால் எந்த மீன் கிடைக்கும், எது ஓடினால் வலையைக் கரையிலேயே மடித்து வைக்கலாம் என்பதெல்லாம் அவர்களின் அன்றாடக் கணக்கு. கணினி மாதிரிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கணக்கு இருந்தது.

இந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லைப் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 150 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தை வடிவமைத்த வில்லியம் பார்க்ஸ், கராச்சியின் மனோரா அலைத்தடுப்பைக் கட்டிய அனுபவமுள்ள ஆலோசகப் பொறியாளர். 1870-களின் நடுவில் வேலை தொடங்கியது. கடலுக்குள் இரண்டு கைகள் நீண்டன. வாய் கிழக்கே பார்த்து இருந்தது. 1881-ல் புயல் அந்தக் கைகளை உடைத்தது. திரும்பக் கட்டிய பிறகும் தெற்கிலிருந்து வந்த மணல் வாய்க்கு அருகில் குவிந்துகொண்டே இருந்தது. 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் கிழக்கு வாயை அடைத்து, வடகிழக்கில் புது வாய் திறந்தார்கள். இதற்கிடையே துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கிய மணல் அகலமான கடற்கரையாக வளர்ந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே உலாவும் பாதை அமைத்தார். அதுதான் நாம் கொண்டாடும் மெரினா. அதே காலத்தில் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அதற்கும் வடக்கே நகர்ந்தது. தெற்கே ஒரு ஊர் பெற்ற மணல் வடக்கே இன்னொரு ஊர் இழந்த மணல் என்பது அன்றிலிருந்து இந்தக் கரையில் மாறாத கணக்கு.

புதுச்சேரிக் கதை இதைவிட அண்மையானது. 1980-களின் இறுதியில் அங்கே துறைமுகம் வந்தது. மணலை இயந்திரத்தால் தெற்கிலிருந்து வடக்கே கடத்தும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. ஆனால் முறையாக நடக்கவில்லை. நகரத்தின் முன்னால் இருந்த மணற்கரை கரைந்து, கருங்கல் குவியல் மட்டும் மிஞ்சியது. ஒரு தலைமுறைக்குப் பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு அமைத்ததும் கரையின் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. இதில் வரைபடத்தைக் குறை சொல்ல முடியாது. ஆலோசகரின் அறிக்கையில் இருந்த பராமரிப்புப் பக்கத்தை யாரும் திரும்பிப் படிக்கவில்லை.

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையான கரை இதே பாதையில்தான் வந்திருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், 2001-ல் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், 2010-ல் காட்டுப்பள்ளியில் வந்த மீஞ்சூர் கடல்நீர் குடிநீர் ஆலை, 2013 முதல் இயங்கும் காட்டுப்பள்ளித் துறைமுகம், 2019-ல் திறந்த திரவ இயற்கை எரிவாயு முனையம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆலோசகர், தனி அறிக்கை, தனி அனுமதி. மணல் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. துறைமுகங்களுக்கு வடக்கே காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம் எனக் கடல் கரையை அரித்துக்கொண்டு வருகிறது என்பது அந்த ஊர்களின் நெடுநாள் புகார். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையான கரையோர மாற்றத்தை அளந்தபோது, தமிழகக் கரையில் 40 சதவீதத்துக்கு மேல் அரிப்புக்கு உள்ளானதாகக் கண்டது. அந்தச் சதவீதத்துக்குள்தான் இந்தக் குப்பங்களின் வலை காயப்போடும் இடங்களும் இருக்கின்றன.

சிலிகா சொல்லிக் கொடுத்தது

முகத்துவாரத்தைத் திறந்தே வைத்திருப்பது எது? பல லட்சம் ரூபாய் கொடுத்துத் தூர்வாரினாலும் திரும்பத் திரும்ப அடைபடுவது ஏன்? கடற்பொறியியல் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் 1931-ல் பல முகத்துவாரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் ஏற்றத்தில் உள்ளே வந்து இறக்கத்தில் வெளியே போகும் நீரின் அளவுக்கும், வாயின் குறுக்குவெட்டுப் பரப்புக்கும் நேரான தொடர்பு இருப்பதைக் கண்டார். ஏரிக்குள் போய்வரும் தண்ணீர் குறைந்தால் வாய் தானாகச் சிறுக்கும். தண்ணீர் வேகமாக வெளியேறினால்தான் கரையோரம் வரும் மணலை அது அடித்துத் தள்ளும்.

அப்படியானால் பழவேற்காட்டு வாயின் நோயை வாயில் மட்டும் தேடக்கூடாது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் ஏரி மேடாகிவருகிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே மண்மேடாகக் கிடக்கிறது. வடக்கு வாய்கள் பெரும்பாலும் அடைபட்டே இருக்கின்றன. உள்ளே நீர் புரளும் இடம் சுருங்கச் சுருங்கத் தெற்கு வாயின் வலு குறைகிறது. இந்த நிலையில் இரண்டு கல்சுவர்கள் வாயின் போக்கை நேர்ப்படுத்தும், மணல் நேரே உள்ளே புகுவதைத் தடுக்கும். ஏரியின் மூச்சைக் கூட்டும் வேலையை அவற்றால் செய்ய முடியாது. அதற்கு ஸ்ரீஹரிக்கோட்டாச் சாலையின் பாலங்களுக்கு அடியில் கண்வாய்களை அகலமாக்கவேண்டும், ஏரிக்குள் ஓடைகளைத் தூர்வாரவேண்டும், ஆந்திரத்தோடு உட்கார்ந்து பேசவேண்டும். 27 கோடி ரூபாய்த் திட்டத்தின் எல்லைக்குள் இவை எதுவும் இல்லை. அதற்காகச் சுவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மீனவர்கள் கேட்டுப் பெற்றது அது, அவர்கள் கேட்டது நியாயம்.

சிலிகாவில் 1990-களில் இதே நிலை. வாய் வெகுதூரம் வடகிழக்கே தள்ளிப்போய், உப்பு குறைந்து, களை மூடி, மீன் அற்றுப்போனது. உலகின் ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் மாந்த்ரோ பதிவேட்டில் 1993-ல் அது சேர்க்கப்பட்டது. புனே அருகே கடக்வாசலாவில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் மாதிரி அமைத்து ஆராய்ந்து இடம் குறித்துக் கொடுக்க, சிலிகா மேம்பாட்டு ஆணையம் 2000 செப்டம்பரில் சிபகுடா அருகே மணல்திட்டை வெட்டிப் புது வாய் திறந்தது. ஆண்டுக்கு 1,700 டன் அளவில் தேய்ந்து கிடந்த மீன்பிடிப்பு ஓரிரு ஆண்டுகளில் 10,000 டன்னைத் தாண்டியது. 2002-ல் பதிவேட்டிலிருந்து ஏரி நீக்கப்பட்டது. அங்கேயும் வாய் அதன்பின் நகர்ந்தது, 2008-ல் இன்னொன்று தானே திறந்தது. ஆனால் ஏரி முழுவதையும் ஒரே அலகாகப் பார்க்கும் ஓர் அமைப்பு அங்கே இருந்ததால் நகர்வது தெரிந்துகொண்டே இருந்தது. பழவேற்காட்டுக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. இரண்டு மாநிலங்கள், இரண்டு வனத்துறைகள், இரண்டு மீன்வளத் துறைகள், நடுவே ஒரு விண்வெளித் தளம். ஆலோசகப் பொறியியலின் அடுத்த பத்தாண்டு முன்னுரிமை என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், இந்த எல்லைகளைத் தாண்டி ஒரு மணல் வரவுசெலவுக் கணக்கு எழுதுவதைச் சொல்வேன்.

உப்பு தின்னும் வீடு

குப்பங்களின் வீட்டுக் கூரைகளை நிமிர்ந்து பார்த்தால் கட்டுமானத் தொழிலின் இன்னொரு பாடம் தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரை நெடுக ஆயிரக்கணக்கில் தொகுப்பு வீடுகள் எழுந்தன. அவசரம் நியாயமானது. ஆனால் கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு வேறு விதி என்பது அந்த அவசரத்தில் பல இடங்களில் மறந்துபோனது. சில ஆண்டுகளிலேயே கூரையடியில் பூச்சு உப்பி, பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியத் தொடங்கியது கடலோரத்தில் எல்லாரும் பார்த்த காட்சி.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதைத் தெளிவாகவே சொல்கிறது. கடலோரக் காற்றுக்கு ஆட்படும் கான்கிரீட்டைக் 'கடுமை' வகையில் வைத்து, கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும், எம்-30க்குக் குறையாத கலவை வேண்டும் என்கிறது. அலைத் துளி தெறிக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர், எம்-35. ஏற்ற இறக்கத்தில் நனைந்து காயும் தூணுக்கு 75 மில்லிமீட்டர், எம்-40. உள்நாட்டு ஊரில் சாதாரண வீட்டுக்கு 20 மில்லிமீட்டர் மூடலும் எம்-20 கலவையும் போதும். அந்தப் பழக்கத்தோடு வரும் மேஸ்திரி, அதே கவர் பிளாக்கைக் கம்பிக்கு அடியில் வைத்துவிட்டால் வீட்டின் ஆயுள் அங்கேயே பாதியாகிவிடும். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000. குடிக்கவே தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் ஊரில், ஜல்லியும் சிமென்டும் கலக்க எந்தத் தண்ணீர் வந்தது என்று வேலை நடக்கும் இடத்தில் நின்று கேட்க ஓர் ஆள் வேண்டும். மேற்பார்வைக்கு ஆள் போடாத ஆலோசனை நிறுவனம் கொடுப்பது வெறும் காகிதம்.

பசுமைக் கட்டுமானம் என்று பேசும்போது சிமென்டின் கரிமத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருவது உண்மை. ஆனால் பதினைந்து ஆண்டில் இடித்துக் கட்டவேண்டிய வீடு, எவ்வளவு குறைந்த கரிமத்தில் கட்டப்பட்டாலும், அறுபது ஆண்டு நிற்கும் வீட்டைவிட அதிகம் செலவு வைக்கும். கடலோரத்தில் நீடித்திருப்பதே முதல் சிக்கனம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் வழியும் வந்துவிட்டது. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் கலந்து, சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரைப் பாதியளவுக்குக் குறைக்கும் எல்.சி.3 சிமென்டை சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்திய, சுவிஸ் நிறுவனங்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. குளோரைடு உள்ளே நுழைவதை இது நன்றாகத் தடுக்கிறது என்பது அந்த ஆய்வுகளின் முக்கியமான முடிவு. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கு ஐ.எஸ். 18189 என்ற தர விதியை வெளியிட்டது. மீன் இறங்குதளத்துக்கும், புயல் பாதுகாப்பு மையத்துக்கும், மீனவர் தொகுப்பு வீட்டுக்கும் இதை முதலில் பயன்படுத்தச் சொல்லி எழுதிக்கொடுக்கும் ஆலோசகரே இந்தக் கரைக்குத் தேவை.

இந்த இடத்தில் மரபுக் கட்டுமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைநகரம் இதுதான். கோட்டை இன்று இடிபாடு. தொல்லியல் துறை பாதுகாக்கும் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் காலத்துச் செதுக்கு வேலை இன்னும் நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் உப்புக் காற்றில் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க விரும்பும் கட்டடக்கலை மாணவர்கள் வந்து போகிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பின் மேல் இப்போது ஆசை கூடியிருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் கிளிஞ்சல் எங்கிருந்து வரும்? இதே ஏரியின் அடியிலிருந்து கிளிஞ்சல் தோண்டி எடுத்த காலம் உண்டு. இறாலும் நண்டும் வாழும் தரையைத்தான் அப்படிக் கிளறினார்கள். ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் வளர்த்தெடுத்த அழுத்திய மண் கல் அருமையான தொழில்நுட்பம். பழவேற்காட்டின் உப்பு மணல் அதற்கு ஏற்ற மண் இல்லை. பசுமை என்ற பெயரில் வேறு ஊர் மண்ணை லாரியில் இங்கே கொண்டுவருவதில் பொருளில்லை.

ஆலோசகருக்குச் சம்பளம் யார் தருகிறார்?

2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இந்தியாவில் ஆலோசனை நிறுவனங்களை இவ்வளவு பெரிய தொழிலாக்கியது. பெரிய திட்டம் எதுவானாலும் தாக்க அறிக்கை வேண்டும். அறிக்கையை அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் எழுதவேண்டும். அந்த ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே. இந்த ஏற்பாட்டில் நேர்மையான பொறியாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களின் தரவு பல இடங்களில் ஊருக்கும் உதவியிருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று எழுதும் ஆலோசகருக்கு அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்ற கேள்வி அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பல வகைத் திட்டங்களுக்கு மழையில்லாத ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு போதும் என்பது நடைமுறை. ஆறு மாதம் வன்னியும் ஆறு மாதம் தெண்டியும் ஓடும் கரையில் ஒரு பருவத்தின் தரவு பாதிக் கதையைத்தான் சொல்லும்.

காட்டுப்பள்ளியில் இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலாக இல்லை. 2018-ல் அதானி நிறுவனத்தின் கைக்கு வந்த துறைமுகத்தை, 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. மதிப்பு 53,400 கோடி ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 25 மில்லியன் டன்னாக இருக்கும் சரக்குத் திறனை 320 மில்லியன் டன்னாக்குவது நோக்கம். நிலத்தில் ஒரு பங்கு கடலைத் தூர்த்து எடுக்கவேண்டியது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பருக்கு அறிவித்ததும் தள்ளிப்போனது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் தீவுதான் இங்கே ஊர்களின் அரண். அது அறுந்தால் கடல் நேரே உள்ளே வந்துவிடும் என்பது மீனவர்களின் அச்சம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் ஏற்கெனவே பல கிலோமீட்டர் உள்ளே கடல்நீர் புகுந்த அனுபவம் இருப்பதால் விவசாயிகளும் அதே அச்சத்தில் இருக்கிறார்கள். சென்னைக்குத் துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே மூன்று இருக்கும் கரையில் இவ்வளவு பெரியது இந்தத் தீவின் மேல்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

இப்படிப்பட்ட திட்டங்களின் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம். தமிழில் சட்டப்படி கிடைப்பது சுருக்கம் மட்டும். அலை மாதிரியில் எந்த ஆண்டின் காற்றை எடுத்தார்கள், வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை பார்த்தார்கள் என்பதெல்லாம் சுருக்கத்தில் வராது. ஊர் கேட்கவேண்டியதோ அதைத்தான்.

ஊரிடம் அறிவு இல்லை என்று நினைப்பவர்கள் பாடு முறையைப் பார்க்கவேண்டும். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் சுத்து வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் அடுத்த முறையில் வேறிடம் போகவேண்டும். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு நீரோட்டம், எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இந்தப் பங்கீட்டைத் தலைமுறை தலைமுறையாக நடத்தியிருக்க முடியாது. பாடு உரிமை சில ஊர்களுக்கும் சில குடும்பங்களுக்கும் மட்டுமே என்பதால் அதற்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஏரியின் ஆழம் எங்கெங்கே குறைந்தது என்பதை ஆண்டுவாரியாகச் சொல்லக்கூடிய சாட்சிகள் இவர்கள்தான். எந்த ஆலோசனை நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் இந்தச் சாட்சிக்குக் கட்டணம் எழுதிப் பார்த்ததில்லை.

ஆகவே அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், கையில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் கப்பல் பாதைக்காகத் தூர்வாரும் மணலில் தரமானதை வடக்கே அரிபடும் கரையில் கொட்டுவதை அனுமதி நிபந்தனையாக்கலாம். இது கனவு இல்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே சேரும் மணலை எடுத்து நகரக் கடற்கரையில் நிரப்புவது பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியே மணலைக் கடத்துகிறார்கள். திட்ட நிறுவனம் செலுத்தும் கட்டணத்தை ஒரு பொது நிதியில் போட்டு, ஆலோசகரை அந்த நிதியிலிருந்து ஒழுங்குமுறை அமைப்பே நியமிக்கலாம். கடலோரச் சூழலை மீட்பதற்கான தமிழக அரசின் நெய்தல் மீட்சி இயக்கத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். பழவேற்காட்டு ஊர்ப் பஞ்சாயத்துகள் தங்களுக்கென ஒரு பொறியாளரை அமர்த்திக்கொள்ள அதிலிருந்து ஒரு பங்கு தரலாம். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் பாலிடெக்னிக் முடித்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆழம் அளக்கும் கருவியைப் படகில் கட்டி முகத்துவாரத்தைக் குறுக்கே ஓட்டிப் பதிவெடுப்பது அவர்களால் முடியாத வேலை இல்லை.

அலைத்தடுப்புச் சுவர்களிலிருந்தே இந்தப் பழக்கத்தைத் தொடங்கவேண்டும். சுவர்களும் கடலுக்குள் நீட்டிய கல்தான். அவற்றுக்கு வடக்கே, ஸ்ரீஹரிக்கோட்டாவின் தென்முனைப் பக்கம் கரை என்ன ஆகிறது என்பதையும் யாராவது அளந்துகொண்டிருக்கவேண்டும். தென்மேற்குப் பருவம் முடிந்ததும் ஒருமுறை, வடகிழக்குப் பருவம் முடிந்ததும் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு அளவீடு போதும். வாயின் ஆழம், அகலம், இருபுறமும் ஐந்து கிலோமீட்டர் கரையின் நிலை ஆகியவற்றைத் தமிழில் எழுதி, மீன் ஏலம் போடும் இடத்தில் பலகையில் ஒட்டவேண்டும். சுவரை வடிவமைத்த ஆலோசகரின் கட்டணத்தில் ஒரு பங்கை ஐந்து ஆண்டு அளவீடு முடியும் வரை அரசு நிறுத்திவைக்கவேண்டும். முதல் தூர்வாரலுக்கான பணம் எந்தத் துறையின் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது என்பதையும் அதே பலகையில் எழுதிவைக்கவேண்டும். அடுத்த முறை வாய் மேடிடும்போது குப்பத்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு பணம் வசூலிக்க வேண்டியதில்லை.